வாசகர் கேள்வி–பதில்: வெளிநாட்டு உதவி யாருக்கு உதவுகிறது?

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கோடி கோடியாகக் கொடுத்து வருகின்றன. ஆனாலும் அந்த நாடுகளில் பல இன்னும் ஏழ்மையிலேயே உழல்கின்றன. அப்படியானால் வெளிநாட்டு உதவி என்பதே வீண்தானா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்

பதில்: வீண் இல்லை. ஆனால் உதவியிடமிருந்து நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த உதவியால் மட்டுமே ஒரு நாடு செல்வச் செழிப்பு அடைந்ததற்கு வரலாற்றில் சான்று இல்லை. அதே உதவியால் கோடிக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டதற்குச் சான்று ஏராளமாக உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஒரு சாரார் உதவியைச் சர்வரோக நிவாரணியாகவும் மற்றொரு சாரார் அதை வெறும் மோசடியாகவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2023இல் பணக்கார நாடுகளின் அரசுகள் வளர்ச்சி உதவி என்று கணக்குக் காட்டிய தொகை ஏறத்தாழ 22,000 கோடி டாலர். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், அந்நாடுகளின் தேசிய வருமானத்தில் இது 0.4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 0.7 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இலேயே இலக்கு வைத்தது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற ஒரு சில நாடுகளே அதைத் தொடர்ந்து மதித்து வந்திருக்கின்றன. மேலும், கணக்கில் காட்டப்படும் தொகை முழுவதும் ஏழை நாட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. கொடை நாடு தன் மண்ணுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்குச் செய்யும் செலவையும் உதவிக் கணக்கில் எழுத விதி இடம் தருகிறது. 2022இல் மொத்த உதவியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்த நாட்டுக்குள்ளேயே செலவானது. அகதிகளைப் பேணுவது உயர்ந்த செயல்தான். ஆனால் அதை ஏழை நாட்டின் வளர்ச்சிக்குக் கொடுத்ததாக எழுதிவிட்டு, இவ்வளவு கொடுத்தும் அந்த நாடு முன்னேறவில்லையே என்று குறைசொல்வது நேர்மை ஆகாது.

அந்தக் குறைந்த தொகையே சில இடங்களில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பெரியம்மையை ஒழிக்கும் தீவிர இயக்கம் 1967இல் தொடங்கியது; இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார்; 1980இல் உலகிலிருந்தே அந்நோய் நீங்கிவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அத்தனைக்கும் ஆன செலவு சுமார் 30 கோடி டாலர்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கை நோயால் வாடிய நாடுகளே போட்டன என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நரம்புச் சிலந்தி என்ற கொடிய புழுநோய்க்கு 1986இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேர் ஆளாகிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியால் வடிகட்டக் கற்றுக்கொடுத்தும், ஊர் ஊராகக் கண்காணித்தும், 2024இல் அதைப் பதினைந்து பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990இல் 1.25 கோடியாக இருந்து 2022இல் 49 லட்சமாகக் குறைந்ததற்கு உதவி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தடுப்பூசிகளிலும் கொசுவலைகளிலும் பெரும்பகுதி உதவிப் பணத்தில் வந்தவை என்பதை யாராலும் மறுக்க முடியாது.

கேள்வி: சில திட்டங்கள் வெற்றி பெறுகின்றன, சில அடியோடு தோற்கின்றன. இந்த வேறுபாடு எதனால் வருகிறது?
— கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இந்த விவாதத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று கருதுகிறேன். ஆகவே இதற்குச் சற்று நீண்ட பதில்.

கென்யாவின் வடபகுதியில் துர்கானா ஏரி இருக்கிறது. அதன் கரையில் வாழும் துர்கானா மக்கள் கால்நடை மேய்ப்பவர்கள். அவர்களுக்கு மீன்பிடித் தொழிலைக் கொடுத்தால் வறட்சியிலிருந்து மீள்வார்கள் என்று எண்ணி, நார்வே நாட்டின் உதவியுடன் அங்கே மீனை உறையவைத்துப் பதப்படுத்தும் ஆலை ஒன்று 1980களில் கட்டப்பட்டது. பாலைநிலத்துச் சூட்டில் மீனை உறையவைக்கத் தேவையான மின்சாரத்துக்கும் தூய நீருக்கும் ஆகும் செலவு, மீனை விற்றுக் கிடைக்கும் வரவை விஞ்சியது. ஆலை சில நாள்களே ஓடி நின்றுபோனது. ஏரியில் அவர்கள் மீன்பிடித்துவந்த விரிகுடாவும் வறட்சியில் வற்றியது. கால்நடைகளை விட்டுவிட்டு ஏரியை நம்பி வந்த குடும்பங்கள் இரண்டும் இல்லாமல் நின்றன. நார்வேக்காரர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த ஆலை வேண்டுமா என்று முடிவு செய்த எவரும் அந்த ஏரிக்கரையில் வாழ்ந்தவர் அல்லர்.

இதற்கு நேர்மாறான ஒன்று வங்கதேசத்தில் நடந்தது. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, இந்தியப் பக்கத்து எல்லையோர அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், போன்காவ் முகாமில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளில் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவியலைப் பயன்படும் மருத்துவமாக்கிய இடங்களுள் ஒன்று டாக்காவில் இருந்த காலரா ஆய்வகம். அது வெளிநாட்டு உதவியில் உருவான நிறுவனம்.

கண்டுபிடிப்பு மருத்துவமனையோடு நின்றிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அதை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம். ஃபசல் ஹசன் அபெத் 1972இல் தொடங்கிய அந்நிறுவனம் வெளிநாட்டு நன்கொடையைப் பெற்றது. ஆனால் வேலையை வகுத்தவர்களும் செய்தவர்களும் அந்நாட்டவர். 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்ற அளவை 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பொட்டலத்தில் அடைத்த மருந்தை வாங்க வழியில்லாத வீட்டில்கூட இந்த மூன்றும் இருந்தன. ஊழியர்களின் ஊதியத்தை நிர்ணயித்த முறையும் கவனிக்கத்தக்கது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து ஊதியம் வழங்கவில்லை. பின்னர் வேறொரு குழு சென்று கேட்கும்போது எத்தனை தாய்மார் அந்தக் கரைசலைச் சரியாகத் தயாரித்துக் காட்டுகிறார்கள் என்பதை வைத்தே வழங்கினார்கள். தொடக்கத்தில் தாய்மார் கற்றுக்கொண்டார்களே தவிர, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது பலர் அதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, வீட்டு ஆண்களிடம் யாரும் இதைச் சொல்லவே இல்லை என்பது தெரிந்தது. அதன் பிறகு சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள்.

இரண்டு திட்டங்களிலும் வெளிநாட்டுப் பணம் இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. ஒன்றில் பெற்றவர்களின் பதில் திட்டத்தை நடத்தியவர்களின் காதில் விழுந்துகொண்டே இருந்தது; மற்றொன்றில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. பொதுவாகவே உதவியின் பெரும் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஓர் அரசு தன் மக்களுக்குக் கெடுதல் செய்தால் அவர்கள் தேர்தலில் பதில் சொல்ல முடியும். வெளிநாட்டு உதவியிலோ பணம் கட்டுபவர் ஒரு நாட்டில் இருக்கிறார், பயனாளி இன்னொரு நாட்டில் இருக்கிறார். திட்டம் கெட்டால் அதன் வலி பணம் கட்டியவரை எட்டுவதில்லை. எட்டுவது அழகான படங்களுடன் கூடிய ஆண்டறிக்கை மட்டுமே. ஆகவே நடத்துபவர் தம்மையறியாமலே பயனாளியைவிட நன்கொடையாளரைத் திருப்திப்படுத்தத் தொடங்கிவிடுகிறார்.

கேள்வி: எவ்வளவு கொடுத்தாலும் அந்நாட்டு ஆட்சியாளர்கள்தானே சுருட்டிக்கொள்கிறார்கள்?
— வழக்கறிஞர் ஒருவர்

பதில்: சுருட்டுகிறார்கள். எவ்வளவு என்பதை ஓரளவு அளக்கவும் முடிந்திருக்கிறது. உதவியை மிக அதிகம் சார்ந்திருக்கும் 22 நாடுகளை ஆராய்ந்து 2020இல் உலக வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வு, வங்கியிலிருந்து உதவித்தொகை போய்ச்சேரும் காலாண்டுகளில், வரி ஏய்ப்புப் புகலிடங்களாக விளங்கும் நாடுகளின் வங்கிகளில் அந்நாட்டவரின் வைப்புத்தொகை உயர்வதைக் கண்டது. அந்த உயர்வு சராசரியாக உதவித்தொகையில் 7.5 சதவீதம். வெட்கப்பட வேண்டிய அளவுதான். ஆனால் எல்லாமே களவு போகிறது என்ற பேச்சை இந்த எண் ஆதரிக்கவில்லை.

களவுக்குத் துணைநின்ற கொடையாளர்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசு எனப்படும் சயீர் நாட்டை மொபுட்டு 1965 முதல் 1997 வரை ஆண்டார். அந்நாட்டு மத்திய வங்கிக்குப் பன்னாட்டு நாணய நிதியம் அனுப்பிவைத்த ஜெர்மானிய வங்கியாளர் எர்வின் புளுமென்தால், அங்கே நடப்பது கொள்ளை என்றும், கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பே இல்லை என்றும் 1982இல் எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பனிப்போரில் மொபுட்டு தங்கள் பக்கம் நிற்பதே மேற்கு நாடுகளுக்கு முக்கியமாக இருந்தது. அந்தப் பணம் ஏழைகளுக்காக அனுப்பப்பட்டதே இல்லை. அதைக் காட்டி, ஏழைகளுக்கு உதவினால் பயனில்லை என்று வாதிடுவது பொருந்தாது.

களவைக் குறைக்க வழி உண்டா என்றால், உகாண்டாவைக் காட்டலாம். 1990களின் முற்பகுதியில், பள்ளிகளுக்கென அரசு ஒதுக்கிய மானியத்தில் 13 சதவீதமே பள்ளிகளைச் சென்றடைந்தது என்பது ஓர் ஆய்வில் தெரியவந்தது. அதன்பின், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்ற விவரத்தை அரசு நாளேடுகளில் வெளியிட்டது. பள்ளிகளிலும் எழுதி ஒட்டச் செய்தது. சில ஆண்டுகளில் பள்ளிகளுக்குப் போய்ச்சேர்ந்த பங்கு பல மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வு முழுவதும் நாளேட்டு அறிவிப்பால் மட்டுமே வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தமக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தெரிந்த பெற்றோரை ஏமாற்றுவது அதன்பின் எளிதாக இருந்திருக்காது.

கேள்வி: பசித்த நாட்டுக்கு உணவு அனுப்புவதில் என்ன தவறு இருக்க முடியும்? அதையும் சிலர் குறைசொல்கிறார்களே?
— இல்லத்தரசி ஒருவர்

பதில்: பஞ்சமும் போரும் வந்து சந்தையில் உணவே இல்லாத நிலையில் உணவு அனுப்புவதைவிட உயர்ந்த உதவி இல்லை. அங்கே குறைசொல்ல ஒன்றுமில்லை. விளைச்சல் இருந்தும் வாங்கப் பணம் இல்லாத நாட்டில், வெளியிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியத்தைக் கொண்டுவந்து கொட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. உள்ளூர் உழவரின் தானியம் விலைபோகாமல் கிடக்கும். அடுத்த பருவத்தில் அவர் விதைக்கத் தயங்குவார்.

ஹெய்ட்டி நாட்டின் அரிசி இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியால் அந்நாடு 1990களின் நடுவில் அரிசி இறக்குமதி வரியைப் பெருமளவு குறைத்தது. அமெரிக்க அரசின் மானியத்தால் மலிவாக விளைந்த அரிசி உள்ளே பாய்ந்தது. உள்ளூர் நெல் உழவர்கள் நிலைகுலைந்தார்கள். அன்று அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன், 2010இல் செனட் குழு ஒன்றின் முன்னால், அது தமது ஆர்கன்சா மாநில உழவர்கள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் ஹெய்ட்டி தன் மக்களுக்குத் தானே உணவளிக்கும் திறனை இழந்துவிட்டது என்று வருந்திக் கூறினார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் உழவை விட்டு நகரத்துச் சேரிகளுக்குப் பெயர்ந்தவர்களுக்கு அது பதினைந்து ஆண்டுகள் தாமதமாக வந்தது.

கொடுக்கும் நாடு தன் பொருளையே வாங்க வேண்டும், தன் கப்பலிலேயே ஏற்ற வேண்டும் என்று விதிப்பதால், பெறும் நாட்டுக்குச் செலவு 15 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது என்பது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மதிப்பீடு. அமெரிக்கா அனுப்பும் உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். கனடா 2008இல் தன் உணவு உதவியை இத்தகைய கட்டுகளிலிருந்து முழுமையாக விடுவித்தது. பஞ்சப் பகுதிக்கு அருகிலுள்ள உழவரிடமே தானியத்தை வாங்கிக் கொடுக்க அதனால் வழி பிறந்தது. மற்ற நாடுகளும் இதைச் செய்ய ஒரு பைசா கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.

கேள்வி: பணமாகவே கையில் கொடுத்துவிட்டால் மக்கள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா? குடித்தே அழித்துவிட மாட்டார்களா?
— சிறுதொழில் நடத்துபவர் ஒருவர்

பதில்: இந்த அச்சம் பரவலானது. ஆனால் ஆராய்ந்து பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் கண்டதில்லை. பல நாடுகளில் நடந்த பண உதவித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு பொதுவாக உயரவில்லை என்றே தெரிந்தது. கென்யாவின் சியாயா மாவட்டத்தில் ஏறத்தாழ 10,500 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் வழங்கி நீண்ட ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. பணம் பெறாத அண்டை வீட்டாரின் வருவாயும் உயர்ந்தது. விலைவாசி மிகச் சிறிதளவே ஏறியது. வழங்கிய ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது.

இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்ற கூற்றும் இதனோடு சேர்ந்தே வரும். கென்யாவில் கருவுற்ற பெண்களுக்கான கொசுவலையை வைத்தே இது சோதிக்கப்பட்டது. இலவசமாகக் கொடுத்தபோது ஏறத்தாழ எல்லோரும் பெற்றுக்கொண்டார்கள்; வெறும் 60 சென்ட் விலை வைத்தபோது வாங்கியவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. விலை கொடுத்து வாங்கியவர்கள் வலையை அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. ஏழையின் சோம்பலைப் பற்றிப் பேசும் முன், அந்த 60 சென்ட் அவருக்கு எத்தகைய தொகை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தென்கொரியா உதவி பெற்றுத்தானே முன்னேறியது?
— பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: கொரியப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது பெரும் உதவி பெற்றது உண்மை. 2010இல் அது கொடை நாடுகளின் குழுவிலேயே உறுப்பினராகச் சேர்ந்தது. ஆனால் நிலச் சீர்திருத்தம், பரவலான பள்ளிக் கல்வி, ஏற்றுமதித் தொழில்கள் ஆகியவற்றை அந்நாடு தானே முடிவெடுத்துச் செய்தது. உதவி அதற்குக் கால அவகாசம் கொடுத்தது என்று சொல்வதே சரி.

கேள்வி: அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. உதவியைக் குறைசொல்பவர்கள் விரும்பியது இதுதானே?
— மருந்தாளுநர் ஒருவர்

பதில்: என்னைப் போன்றவர்கள் விரும்பியது இதுவன்று. 1961இல் தொடங்கப்பட்ட யு.எஸ்.எய்டு 2025 ஜூலை 1 அன்று தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்தியது. பிரிட்டனும் தன் உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தை நம்பி 2 கோடிக்கும் மேற்பட்டோர் அன்றாடம் மாத்திரை உட்கொள்கிறார்கள். அந்த மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெறும் நாடுகளின் அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு: வரவு செலவுத் திட்டத்தில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001இல் அபுஜாவில் உறுதியளித்தார்கள்; அதை நிறைவேற்றிய நாடுகள் மிகச் சில. உதவியைச் சார்ந்திருக்கும் நிலை மாற வேண்டும் என்றால், ஆண்டு வாரியாகப் பொறுப்பைக் கைமாற்றித் தர வேண்டும். எச்சரிக்கையின்றிக் கையை உதறிக்கொள்ளும்போது, தண்டனை ஊழல் ஆட்சியாளருக்குப் போகாமல் மருந்தகத்தின் முன் வரிசையில் நிற்பவருக்கே போகிறது.

கேள்வி: என்னைப் போன்ற தனிமனிதர் சிறு தொகை கொடுக்க விரும்பினால் எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்?
— மென்பொருள் பொறியாளர் ஒருவர்

பதில்: நிர்வாகச் செலவு எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செய்த வேலையின் பயனை அளந்து பார்க்கவும் பணம் செலவாகும். அதைச் செய்யாத நிறுவனத்தின் நிர்வாகச் செலவு குறைவாகவே இருக்கும். தன் திட்டங்களில் தோற்றவற்றையும் வெளியிடுகிறதா, போதும் என்று சொல்லும் நேர்மை இருக்கிறதா என்று பாருங்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குச் சில நாள்களுக்குப் பிறகு, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு, அந்தப் பணிக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று நன்கொடையாளர்களிடம் அறிவித்தது. உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் அப்படிச் சொல்ல மிகுந்த துணிவு வேண்டும்.

அனாதை இல்லங்களுக்குக் கொடுக்கும்போது இரு மடங்கு கவனம் தேவை. கம்போடியாவில் வெளிநாட்டு நன்கொடையும் சுற்றுலாப் பயணிகளின் இரக்கமும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. அவற்றில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். ஏழ்மையால் பிரிந்த குழந்தையைத் தாயோடு வைத்திருக்க உதவும் அமைப்புக்கு அதே பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: உதவியைத் தவிர வேறு எதைச் செய்தால் ஏழை நாடுகளுக்கு உண்மையில் பயன் கிடைக்கும்?
— முதுகலை மாணவர் ஒருவர்

பதில்: வெளிநாடுகளில் உழைப்பவர்கள் தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பும் பணம், ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளுக்கு ஆண்டுக்கு 60,000 கோடி டாலருக்கு மேல் போய்ச்சேர்கிறது. இது எல்லா அரசுகளும் கொடுக்கும் உதவியைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். அதை அனுப்பும் கட்டணத்தை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர ஐ.நா.வில் நாடுகள் ஒப்புக்கொண்டன. சராசரிக் கட்டணம் இன்னும் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. மறுபுறம், ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 8,860 கோடி டாலர் முறைகேடாக வெளியேறுவதாக ஐ.நா. வர்த்தக மற்றும் வளர்ச்சி மாநாடு 2020இல் மதிப்பிட்டது. அந்தப் பணத்தில் கணிசமான பகுதி போய் உறங்குவது கொடை நாடுகளிலும் அவற்றின் அரவணைப்பில் உள்ள சிறு தீவுகளிலும் இருக்கும் வங்கிகளில்தான். அந்தக் கணக்குகளின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை உரிய நாட்டின் வரித்துறைக்குத் தெரிவிக்கும் சட்டத்தைக் கொடை நாடுகளின் நாடாளுமன்றங்களே இயற்றலாம். அதற்கு எந்த ஏழை நாட்டின் அனுமதியும் தேவையில்லை.